அட்டமி, நவமி, ஒரு ஸ்ரீற்கார்

இராகுகாலம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தது. கமலாம்பிகை பனிச்சப்பாத்தைப் போட்டு, கோட்டின் ஸிப்பைத் தாடை வரை இழுத்து, கம்பளித் தொப்பியையும் காது மூட மாட்டிக்கொண்டு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வெளியே கெனடி வீதியில் மூக்கைக் கடிக்கிற குளிர். உள்ளே, டோர்செட் பார்க்கின் அந்தப் பழைய அடுக்குமாடியில், ஹீற்றர் ஒருவருக்கும் அடங்காமல் எரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் நெற்றியிலிருந்து புறப்பட்ட ஒரு வியர்வைத் துளி மூக்கு நுனிக்கு வந்து, விழுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

“கோட்டையாவது கழட்டிப்போட்டு இருங்கோவன் அம்மா. அவிஞ்சு போகப்போறீங்கள்,” என்றாள் மகள் சாம்பவி.

“கழட்டினா வெளிக்கிட்ட மாதிரி இராது பிள்ளை. பன்ரெண்டு மணிக்கு இராகு முடியும். முடிஞ்ச உடன கதவைத் திறக்கிறம், போறம்.”

சாம்பவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ரூஜில் இருக்கிற தன் வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் புருசன் கிருபனின் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தாள். தாயும் மகளுமாக ரொறன்ரோ நகரத்துக்குள் இரண்டு இரவு ஹொட்டேலில் தங்கி, பார்க்கிறதைப் பார்த்து, தின்கிறதைத் தின்று வருவதென்று ஏற்பாடு. தூரம் என்ன பெரிய தூரம், பஸ்ஸும் சப்வேயுமாக ஒரு மணித்தியாலம். ஆனால் அம்மா பாரிசுக்குப் போகிறவர் மாதிரி ஒரு கிழமையாக ஆயத்தம் செய்திருந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்த சாம்பவிக்குக் கை கழன்றது. திறந்தால், குளியல் துவாய்க்கு அடியில் சுருண்டு கிடந்தது ரைஸ் குக்கர்.

“இதென்னம்மா இது?”

“ஹொட்டேல்காரர் சோறு தருவினமோ? இல்லைத்தானே!”

வாக்குவாதம் நடந்தது. கடைசியில் குக்கர் குசினிக்குத் திரும்பிப் போனது. வறுத்த மிளகாய்த்தூள் போட்ட சின்னப் போத்தல் மட்டும் அம்மாவின் கைப்பைக்குள் அடைக்கலம் புகுந்தது. கூடவே, தமிழ்க் கடைக்காரர் இனாமாகத் தந்த கலண்டரில் மாசி மாதத் தாளைக் கிழித்து, நாலாய் மடித்து அதையும் வைத்துக்கொண்டார். நல்லது கெட்டது, நாள் நட்சத்திரம் எல்லாம் அந்தத் தாளில்தான்.

உண்மையைச் சொன்னால், சாம்பவி இந்தப் பயணத்துக்கு வெறும் மகளாக வரவில்லை. தரகராக வந்திருந்தாள். அண்ணன் மிதுனன் நகரத்துக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருந்தான். கீழ்த்தளத்தில் அம்மாவுக்கென்றே ஓர் அறை, பக்கத்திலேயே குளியலறை, பெரிய யன்னல். அம்மா இந்த ஃபிளாற்றை விட்டுவிட்டு அங்கே வந்து இருக்கவேண்டும், பேத்தி அட்சயாவையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம். கெட்ட திட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பா போய் ஆறு வருசம். அம்மா ஒரு தரம் போனை எடுக்காவிட்டால் சாம்பவி எடுக்குமட்டும் திரும்பத் திரும்ப அடிப்பாள். அண்ணனோடு இருந்தால் அந்தப் பயம் இல்லாமல் நிம்மதியாகப் படுக்கலாம் என்கிற ஆசை அவளுக்கும் இருந்தது. ஆனால் தைப்பொங்கலிலிருந்து கேட்கிறார்கள், அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “நல்ல வீடு” என்று மட்டும் சொல்வார். மாத முடிவுக்குள் ஃபிளாற்றுக்கு நோட்டீஸ் கொடுக்கவேண்டும். “நீ கூட்டிக்கொண்டு போய் நல்லாச் சாப்பிடக் குடுத்து, ஆறுதலாக் கதைச்சு ஒரு ஓம் வாங்கிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து ரெண்டு பேரையும் ஏத்துறன்,” என்றான் மிதுனன். சாம்பவி ஓமென்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

பன்னிரண்டு ஆனது. அம்மா துள்ளி எழும்பினார். அறுபத்தேழு வயதில் அப்படி எழும்புகிறவரை அதற்கு முதல் சாம்பவி கண்டதில்லை.

சப்வேயில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். நிலத்துக்கு அடியில் போகும்போதும் யன்னலையே பார்த்தார். அங்கே தன் முகமும் கேபிள் வயர்களும் தவிர ஒன்றுமில்லை, ஆனாலும் பார்த்தார். முப்பது வருசக் கனடாவில் அவர் நகரத்தின் நடுப்பகுதிக்கு வந்த பயணங்களை விரல் விட்டு எண்ணலாம். அகதி வழக்கு விசாரணைக்கு ஒரு தரம், வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்தபடி. இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் போரை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியூவில் சனத்தோடு சனமாகப் பதாகை பிடித்து நிற்க. பிறகு அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்கள். ஒவ்வொரு தரமும் நெஞ்சில் ஏதோ ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அதோடே திரும்பியவர். பக்கத்தில் என்ன இருக்கிறதென்று நிமிர்ந்து பார்க்க அவருக்கு வாய்க்கவே இல்லை.

“சும்மா பாக்கிறதுக்கெண்டு போறது இதுதான் முதல் தரம், என்ன?” என்றார் அம்மா, யன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தே.

ஹொட்டேல் டண்டாஸ் ஈஸ்ற்றில் இருந்தது. அறைக்குள் கால் வைத்ததும் அம்மா எல்லா மேசை லாச்சிகளையும் திறந்து மூடினார். பெருவிரல் அளவு சவர்க்காரத்தை மோந்து பார்த்தார். திரைச்சீலையை இழுத்ததும் “ஐயோ பிள்ளை, இஞ்ச வந்து பார்!” என்று கத்தினார். சாம்பவி பயந்து ஓடினாள். ஒன்றுமில்லை, கீழே வீதியின் நடுவே, தண்டவாளத்தில், சிவப்பு ஸ்ரீற்கார் ஒன்று புழு மாதிரி வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. “அதில ஏறவேணும்,” என்றார் அம்மா. குளிருக்குப் பயந்து பின்னேரம் வரை அறைக்குள் இருக்கலாம் என்று சாம்பவி நினைத்திருந்தாள். அந்த நினைப்பு அங்கேயே செத்தது.

டண்டாஸில் மேற்கே போகிற ஸ்ரீற்காரில் ஏறி ஸ்படைனாவுக்குப் போனார்கள். கட்டணம் கழிக்கிற பிரஸ்டோ கார்ட்டைத் தட்டியதும் அது கீச்சிட்டுப் பச்சை காட்டியது. அதைப் பார்த்து அம்மா தலையசைத்தார், வாசலில் நிற்கிற தெரிந்தவருக்கு வணக்கம் சொல்கிற மாதிரி. இறங்கும் இடத்தில்தான் அந்தச் சங்கதி நடந்தது. கதவு திறந்தது. அது வீதியின் நடுப்பாதையில் நிற்கிற வாகனம், நடைபாதைக்குப் போக ஒரு வரிசைக் கார்ப்பாதையைக் கடக்கவேண்டும். அம்மா படியில் ஒரு காலை வைத்துவிட்டுப் பின்பக்கம் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார். வீடு போல ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. லொறி நின்றது. அதற்குப் பின்னால் கார், அதற்குப் பின்னால் இன்னொரு கார், எல்லாம் வரிசையாக நின்றன.

“உவையள் ஏன் நிக்கினம்?”

“கதவு திறந்திருந்தா நிக்கவேணும் அம்மா. அதுதான் சட்டம். நீங்க இறங்கி முடிக்குமட்டும் ஒருத்தரும் அசையேலாது.”

“எனக்காகவோ?”

“உங்களுக்காகத்தான். கெதியா இறங்குங்கோ, சனம் பாக்குது!”

கெதியாவாவது மண்ணாவது. அம்மா ஒரு காலை ஊன்றி, மறுகாலை ஊன்றி, கோட்டைச் சரிசெய்து, லொறிக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். தாடிக்கார மனிதர் ஒருவர், அவரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை உயர்த்தினார். நடைபாதையில் ஏறிய அம்மாவின் முகம் பூரித்துக் கிடந்தது.

“இந்த நாட்டில பஸ்ஸுக்குப் பின்னால நான்தான் ஓடியிருக்கிறன். ரெண்டு வேலை செய்த காலத்தில பனிக்குள்ள எத்தினை ஓட்டம்! எனக்காக ஒரு லொறி நிண்டது இண்டைக்குத்தான்.”

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அம்மா மச்சம் மாமிசம் தொடமாட்டார், முட்டையும் மச்சம்தான். சாப்பிடத்தான் வருகிறோம் என்று துள்ளிக்கொண்டு ஹொட்டேல் பதிவு செய்த சாம்பவிக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. சைனா ரவுனில் தொங்குகிற வாத்துகளைக் கடந்து, நண்டுத் தொட்டிகளைக் கடந்து, கடை கடையாக நுழைந்து “இதில முட்டை போட்டதோ?” என்று கேட்டுக் களைத்தார்கள். கடைசியில் ஒரு சின்ன பேக்கரியில், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த எள்ளு உருண்டைகள் கிடந்தன. முட்டை இல்லை என்று கடைக்காரப் பெண் கையால் சாடை காட்டினாள். அம்மா ஒன்றைக் கடித்தார். வெளியே மொறுமொறுப்பு, அடுத்தது இழுபடுகிற மா, நடுவில் சுடச்சுடச் சிவப்புப் பயற்று இனிப்பு. கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு ஆவியாக வந்தது.

“மோதகத்தின்ர தங்கச்சி பிள்ளை உது. எள்ளுச் சட்டை போட்டு நிக்கிறாள், அவ்வளவுதான்.”

நாலு தின்றார். பிறகு இன்னும் இரண்டு வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக் கையைச் சூடாக்கிக்கொண்டார்.

இருட்டுப்படும் நேரத்தில் நகரசபைக்கு முன்னாலுள்ள சதுக்கத்துக்குப் போனார்கள். பனித்தளத்தில் சனம் வட்டம் வட்டமாகச் சறுக்கிக்கொண்டிருந்தது. விழுகிறவர்களைக் கண்டால் அம்மா “அடி சக்கை!” என்பார், எழும்புகிறவர்களுக்குக் கை தட்டுவார். தானும் சறுக்கப் போவதாக ஒருமுறை எழும்பியவரை இழுத்து இருத்தவேண்டியதாகிவிட்டது. இதுதான் தருணம் என்று சாம்பவிக்குப் பட்டது. சூடான சொக்லெற் கோப்பையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.

“அம்மா, அண்ணா கேட்டவர். வீட்டு விசயம்…”

அம்மா உட்கார்ந்திருந்த வாங்கிலில் கோப்பையை வைத்தார். கைப்பையைத் திறந்தார். மடித்த தாளை விரித்து, விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“இண்டைக்கு அட்டமி. உப்படியான முடிவொண்டும் அட்டமியில எடுக்கக் கூடாது.”

“அட்டமியில பயணம் வெளிக்கிட்டனீங்கள்தானே?”

“உது விளையாட்டுப் பயணம். அதுக்கு இராகுவை மட்டும் பாத்தாக் காணும்.” தாளை மடித்து வைத்துவிட்டு அம்மா பனித்தளத்தின் பக்கம் திரும்பினார். “அங்க பார், அந்தக் குண்டு மனிசன் எவ்வளவு வடிவாச் சறுக்கிறார்!”

மறுநாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை விட்டதையெல்லாம் அம்மா வட்டியும் முதலுமாகப் பிடித்தார். சென் லோறன்ஸ் சந்தையின் மீன் பகுதிக்குள் நுழைந்ததும் நடையே மாறிவிட்டது. பனிக்கட்டியில் அடுக்கிய மீன்களின் செவுளை எட்டிப் பார்த்தார், ஒரு பெரிய கொடுவாவுக்கு நல்ல பேர் கொடுத்தார், இன்னொன்றைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரு மூலையில், ஓடு உடைத்துப் பச்சைச் சிப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பவி விலகிப் போகப் பார்த்தாள். அம்மா நின்றுவிட்டார்.

“பச்சையாவோ திங்கிறவை?”

“ஓம். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, வாங்கோ.”

“நீ கேட்டுப் பாத்தனியே என்ர வயித்தை?”

சிப்பி வந்தது. எலுமிச்சம்புளி பிழிந்திருந்தது. அம்மா ஒரு கணம் யோசித்து, கைப்பையிலிருந்து தூள் போத்தலை எடுத்து மேலே தட்டினார். ஓட்டை உயர்த்தி ஒரே மடக்கு. கடைக்காரப் பொடியன் வாயைப் பிளந்தான். பிறகு தன் சிப்பியை நீட்டி, தனக்கும் தூள் வேண்டுமென்று சாடை காட்டினான். அம்மா தாராளமாகத் தட்டினார். அவனுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனாலும் இன்னொன்றுக்கு நீட்டினான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சோடியும் நீட்டியது. போத்தலில் பாதி அந்த மூலையிலேயே தீர்ந்தது. சாம்பவி சிரித்து வயிறு நோகப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டாள். அண்ணனிடமிருந்து உடனே பதில் வந்தது: “சந்தோசமா இருக்கிறா போல. கேட்டியா?”

அந்தக் கேள்வியைப் பார்த்ததும் சாம்பவி போனைக் கோட்டுப் பைக்குள் தள்ளினாள்.

பின்னேரம் ஃபெரிப் படகில் ஏரிக்குள் இருக்கிற தீவுக்குப் போனார்கள். ஏரி உறைந்து கிடந்தது. படகு பனிப்பாளங்களை உடைத்துக்கொண்டு போக, அடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. எல்லோரும் கண்ணாடிக்கு உள்ளே ஒடுங்கியிருக்க, அம்மா வெளித்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட நிற்பதைத் தவிர சாம்பவிக்கு வேறு வழியில்லை. பின்னால் நகரம் முழுவதும் நிமிர்ந்து நின்றது, கோபுரமும் கண்ணாடிக் கட்டடங்களும் வெயிலில் பளபளத்தன. அம்மாவின் கன்னம் இரண்டும் சிவந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. குளிரா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

“உந்தப் பட்டணம் இவ்வளவு வடிவெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே.”

சாம்பவி துணிந்தாள். “அம்மா, மாசக் கடைசிக்குள்ள அண்ணாவுக்குச் சொல்லவேணும்.”

அம்மா கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். கைப்பை. தாள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

“இண்டைக்கு நவமி.”

சாம்பவிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “அட்டமி, நவமி, இராகு, கேது! சிப்பி தின்ன நாள் பாத்தனீங்களோ? படகில ஏற நாள் பாத்தனீங்களோ? ஒரு சொல்லுச் சொல்ல மட்டும் நாள் வேணுமோ? எனக்கு விசர் வருது அம்மா!”

சொன்ன பிறகுதான் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டதென்று தெரிந்தது. அம்மா கோபிக்கவில்லை. தாளை மெல்ல மடித்தார்.

“கேட்டது என்ர பிள்ளை. அவன் ஆசையோட அறை கட்டி வைச்சுக்கொண்டு கேக்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல நான் ஒரு நல்ல நாள் பாக்கக் கூடாதோ? நாளைக்குத் தசமி. அவன் வரட்டும். நானே சொல்லுறன்.”

அடியில் பனி நொறுங்கிக்கொண்டே இருந்தது. சாம்பவி அந்தச் சத்தத்துக்குள் பொங்கல் நேரத்துப் பத்து நாட்களை நினைத்தாள். அம்மா ஸ்ரௌவ்வில்லில் அண்ணன் வீட்டில் போய் நின்ற பத்து நாள். காலையில் அண்ணனும் அண்ணியும் காரில் வேலைக்குப் போவார்கள், அட்சயாவை டேகெயாரில் இறக்கிவிட்டு. அம்மா யன்னலில் இருப்பார். தெருவில் ஒரு ஈ காக்கை இராது. எதிர்வீட்டுக்காரரும் தமிழர்தான், கராஜ் கதவு தானாகத் திறக்கும், கார் போகும், கதவு தானாக மூடும். ஒருநாள் அம்மா பஸ் தரிப்பைத் தேடி நடந்திருக்கிறார். நடைபாதை ஒரு இடத்தில் முடிந்து, அதற்கு அப்பால் பனி மட்டும் கிடந்ததாம். திரும்பி வந்து சாம்பவிக்குப் போன் எடுத்தார். அன்றைக்கு மட்டும் ஐந்து தரம் எடுத்தார். “என்னம்மா?” என்றால், “ஒண்டுமில்லை, சும்மா,” என்றார். மீற்றிங்கில் இருந்த சாம்பவி ஐந்தாவது அழைப்பை எடுக்கவில்லை. டோர்செட் பார்க்கில் இருக்கும்போது அம்மா போனை எடுக்காவிட்டால், அவர் கோயிலுக்கோ, மரக்கறி வாங்கவோ, நாலாம் மாடி கிளடிஸ் அக்காவிடம் கதை அளக்கவோ போயிருப்பார். இவ்வளவு நாளும் தான் பயந்தது எதற்கு என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அம்மா இந்த இரண்டு நாளும் நாள் பார்க்கவில்லை, மகனை நோகடிக்கிற நேரத்தைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். அது விளங்கினதும் அவளுக்கு அழுகை வந்தது. அம்மாவின் கையுறை இல்லாத கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“என்ர கோட்டுப் பைக்குள்ள எள்ளு உருண்டை இருந்தது,” என்றார் அம்மா திடீரென்று. “அது நேற்றே முடிஞ்சு போச்சு.”

இருவரும் சிரித்தார்கள். தீவில் இறங்கி, மூக்கு உறைய ஒரு சுற்று நடந்து, அடுத்த படகில் திரும்பினார்கள். படகு கரையைத் தொடுகிற வரை அந்தக் கையை அவள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து சாம்பவி கண் விழித்தபோது பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது. வெறுமை என்றால், துப்புரவாக விரித்து, தலையணை தட்டி, யாரும் படுத்தே இராதது போல. அறை கூட்ட வருகிற பிள்ளை என்ன நினைக்கும் என்று அம்மா முதல் நாளே குளியலறைத் தரையைக்கூடத் துடைத்திருந்தார். கலண்டர் தாள் தலையணைமேல் கிடந்தது.

“அம்மா?”

குளியலறையில் இல்லை. போன் அடித்துப் பார்த்தாள், அது தலையணைக்கு அடியிலிருந்து முருகன் பாட்டுப் பாடியது. யன்னலுக்கு ஓடினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, எதிர்க் கட்டடமே மங்கலாகத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு இங்கிலிஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். தெருப் பேர் தெரியாது. ஹொட்டேல் பேர் நினைவிருக்குமா? கடவுளே, ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டாரா? பைஜாமாவுக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டவள், வாசலில் ஏதோ உறுத்தி மேசையைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று இரவு அங்கே இரண்டு பிரஸ்டோ கார்ட் கிடந்தன. இப்போது ஒன்றுதான் கிடந்தது.

கீழே வாசலுக்கு வரவும் போன் அடித்தது. அண்ணன்.

“சாம்பவி, கிட்டத்தான் நிக்கிறன். ஒரு திருப்பத்தை விட்டிட்டு யூனிவேர்சிற்றி அவெனியூ மட்டும் போய்ச் சுத்தி வாறன். டண்டாஸால வாறன். ரெண்டு பேரும் ரெடியா?”

“ஓம்… ஓம் அண்ணா. வாங்கோ.”

“என்ன, அம்மா ஓமெண்டவவே?”

“அவ… உங்களிட்ட நேர சொல்லுவாவாம்.”

“அப்ப ஓம்தான்!” மிதுனனின் குரல் பூரித்தது. “சாம்பவி, அறைக்கு ரீவியும் பூட்டிட்டன் தெரியுமே, தமிழ்ச் சனல் எல்லாம் வரும். அட்சயா வாசலில அப்பம்மா எண்டு எழுதி ஒட்டி வைச்சிருக்கிறாள்.”

அவனும் பாவம்தான். ஆசையோடுதான் செய்கிறான். அம்மாவைக் காணவில்லை என்று இப்போது சொன்னால் அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். கத்துவான், பொலிசுக்கு அடிப்பான், இனி ஒரு நாளும் அம்மாவைத் தனியே விடக்கூடாது என்பான், அத்தோடு கதை முடிந்துவிடும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நடைபாதையின் விளிம்பில் போய் நின்று, ஸ்படைனாப் பக்கம் மேற்கே பார்த்தாள். பனி கண்ணிமையில் விழுந்தது.

“உந்த ஸ்ரீற்காரால பெரிய கரைச்சல்,” என்றான் அண்ணன் போனில். “எனக்கு முன்னால ஒண்டு போகுது, ஒவ்வொரு ஸ்ரொப்பிலயும் நிண்டு நிண்டு. முந்தவும் ஏலாமக் கிடக்கு. ஆர்தான் இந்தப் பனிக்குள்ள உதில ஏறுகினமோ!”

பனித்திரையைக் கிழித்துக்கொண்டு முதலில் ஒற்றை விளக்கு தெரிந்தது. பிறகு சிவப்பு. மணியை அடித்துக்கொண்டு ஸ்ரீற்கார் வந்து ஹொட்டேலுக்கு நேரே உள்ள தரிப்பில் நின்றது. பின்னால், அதன் வாலைப் பிடித்த மாதிரி, அண்ணனின் பெரிய கறுப்புக் கார். வைப்பர் இரண்டும் பனியைத் தள்ளித் தள்ளிப் போட்டன. அந்த இடைவெளிக்குள் அண்ணனின் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது.

கதவு திறந்தது.

முதலில் வந்தது ஒரு கடதாசிப் பை, அடியில் எண்ணெய் ஊறி, ஆவி பறக்க. பிறகு கம்பளித் தொப்பி. அம்மா படியில் ஒரு காலை வைத்தார். சாம்பவியைக் கண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“எள்ளு உருண்டை, நல்ல சூட்டோட வாங்கியாந்தனான் பிள்ளை! அண்ணாவுக்கும் பேத்திக்கும் சேத்து. கடைக்காரி என்னை மறக்கேல்ல!”

சாம்பவிக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும், நல்லாப் பேசவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அப்படியே நின்றாள். அம்மா வழக்கம்போலப் பின்பக்கம் திரும்பி, நிற்கிற காருக்கு நன்றியாகக் கையை உயர்த்தினார். உயர்த்திய பிறகுதான் அது யாருடைய கார் என்று கண்டார். கை இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிதுனன் ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான்.

“சாம்பவி,” போனில் அவன் குரல் சின்னப்பிள்ளையுடையது போல வந்தது. “அது அம்மாவே?”

“ஓம் அண்ணா.”

“தனியவோ? எங்க போட்டு வாறா?”

பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். மிதுனனின் கார் ஓர் அங்குலம் முன்னே நகரப் பார்த்தது.

“நில்லுங்கோ அண்ணா,” என்றாள் சாம்பவி. “கதவு இன்னும் திறந்துதான் கிடக்கு.”

கார் நின்றது. அதற்குப் பின்னால் பனிக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் சேர்ந்தன. அம்மா உயர்த்திய கையோடு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கால் வீதியிலும் மறுகால் இன்னும் படியிலுமாக.